பழைய ஆயுதமும் புதிய விளையாட்டும்

1851 ஆம் ஆண்டுக் கோல்ட் சுழல்துப்பாக்கியின் நேர்ப்படிகளை இத்தாலிய ஆலைகள் இன்றும் செய்து விற்கின்றன. ஒவ்வோர் அறையிலும் கருமருந்திட்டு, ஈயக்குண்டை அழுத்தி, அடிபட்டால் தீப்பொறி எழுப்பும் சிறு மூடியைப் பின்புறம் பொருத்தியே சுடவேண்டும். இதனைப் பொழுதுபோக்காகக் கொண்டோர், காலங்கடந்த ஆயுதம் கலைப்பொருளே என்பர். அமெரிக்காவின் 1968 ஆம் ஆண்டுச் சட்டமும் இவற்றைப் பெரும்பாலும் பழம்பொருளாகவே கொள்கின்றது.

காலம் ஆயுதத்தின் நஞ்சை நீக்கிவிடுமா? யாழ்ப்பாணக் கோட்டை இதற்கு விடைதரும். 1658 இல் ஒல்லாந்தர் அதனை முற்றுகையிட்டுப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அம்முற்றுகையை நாம் பரீட்சைக்குரிய பாடமாகப் படிக்கின்றோம். 1990 இன் முற்றுகையை அவ்வாறு படிக்க இயலுமா? இடம் ஒன்றே, ஆயின் பின்னையதில் உறவிழந்தோர் நம்மிடையே வாழ்கின்றனர். ஆகவே, நொந்தோரின் நோவு தீர்ந்த பின்னரே ஆயுதம் குற்றமற்றதாகும். இரும்பின் வயது அதனைத் தீர்மானிக்காது. மேலும், நேர்ப்படியிற் பழமை வடிவுக்கே உண்டு. அதன் ஈயக்குண்டு இன்றும் உயிர் குடிக்கும்.

இப்பொழுதுபோக்கை முற்றாகப் பழித்தல் எம் நோக்கமன்று. பொறிநுட்பத்தை வியத்தல் அறிவின் இயல்பு. ஆயினும், வெடியோசை கேட்டு நெஞ்சு பதறுவோர் அயலில் வாழுமளவும், அதனை விளையாட்டென்று தீர்மானிக்கச் சுடுவோன் மட்டும் போதான். கேட்போனும் இசைதல் வேண்டும்.