இழந்த உறுப்பும் தெரிவுச் சுதந்திரமும்

மனிதன் உடலை உடையவனா, அன்றி உடலேயானவனா? மெய்யியலாளர் நெடுங்காலமாக விவாதித்து வரும் இவ்வினா, புற்றுநோயின் பொருட்டு மார்பகம் நீக்கப்பட்ட பெண்ணொருத்தியின் வாழ்வில் ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. இழந்த மார்பகத்தைச் சத்திரசிகிச்சை மூலம் மீள அமைத்துக்கொள்வதா, விடுவதா என அவள் தீர்மானிக்க வேண்டியவளாகின்றாள். நோயைக் குணப்படுத்துவதில் இம்மீளமைப்புக்கு யாதொரு பங்குமில்லை. ஆதலின் அத்தீர்மானம் மருத்துவத்தின் எல்லையைக் கடந்து ஒழுக்கவியலின் எல்லைக்குள் வருகின்றது. அது உண்மையில் அவளுடைய தீர்மானமாக அமைவதற்கு யாது வேண்டும் என்பதே இக்கட்டுரை ஆராய முற்படுவதாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்ரெட் என்னும் வைத்தியர், மார்பகத்துடன் நெஞ்சுத் தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் ஒருங்கே அகற்றும் முறையைப் பரப்பினார். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அதுவே வழக்கமான சிகிச்சையாக நிலவிற்று. உயிரைக் காத்தல் என்னும் நோக்கின் முன்னே உடலின் வடிவம் பொருட்படுத்தப்படவில்லை. 1962ஆம் ஆண்டில் ஹூஸ்ரன் நகரில் சிலிக்கோன் பை முதன்முதலாக ஒரு பெண்ணின் மார்பில் பொருத்தப்பட்டது. 1980களில் வயிற்றுப் பகுதியின் தோலையும் கொழுப்பையும் தசையோடு கொணர்ந்து மார்பு அமைக்கும் முறை வளர்ச்சி கண்டது. 1998இல் ஐக்கிய அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டமொன்று, மார்பக நீக்கத்துக்குச் செலவளிக்கும் காப்புறுதித் திட்டங்கள் மீளமைப்புக்கும், மற்றைய மார்பை அதற்கொப்பச் சீர்செய்வதற்கும், புறத்தே அணியும் செயற்கை மார்புக்கும் செலவளித்தல் வேண்டும் என விதித்தது. இவ்வாறு மீளமைப்பு ஓர் உரிமையாயிற்று.

எனினும், இவ்வுரிமை பிறக்குமுன்பே ஓர் எதிர்க்குரலும் எழுந்திருந்தது. 1978இல் மார்பகம் ஒன்றை இழந்த கறுப்பினக் கவிஞர் ஓட்றி லோர்ட், 1980இல் வெளியிட்ட 'புற்றுநோய்க் குறிப்பேடுகள்' என்னும் நூலில் தம் அனுபவத்தைப் பதிவு செய்தார். செயற்கை மார்பு அணியாது வைத்தியரிடம் சென்றபோது, அது அங்குள்ளோரின் மனவுறுதிக்கு ஊறு விளைக்கும் எனத் தாதியொருவர் கூறியதை அவர் விவரிக்கின்றார். போரில் ஒரு கண்ணை இழந்து கறுப்புப் பட்டி அணிந்த இஸ்ரேலியத் தளபதி மோஷே தயானிடம், கண்ணாடிக் கண் பொருத்திக்கொள்ளுமாறு எவரும் கூறவில்லையே என்பது அவரது வாதம். ஆணின் இழப்பு வீரத்தின் அடையாளமாகவும், பெண்ணின் இழப்பு மறைக்கத்தக்க குறையாகவும் கொள்ளப்படுவதேன்? மேலும், யாவரும் மறைத்துக்கொள்வாராயின் இந்நோயுற்ற பெண்கள் ஒருவரையொருவர் இனங்காண்பது எங்ஙனம்?

இவ்வாதம் வலிமையானதே. ஆயினும் இதனின்று, மீளமைப்பை நாடும் பெண் பிறர் பார்வைக்கு அடிமைப்பட்டவள் என முடிவு கட்டுதல் பொருந்தாது. பிரெஞ்சு மெய்யியலாளரான மெர்லோ-பொன்ரி, 1945இல் வெளிவந்த 'புலக்காட்சியின் தோற்றப்பாட்டியல்' என்னும் நூலில், உடலானது ஏனைய பொருள்களைப் போல நாம் எதிரே வைத்து நோக்கும் ஒன்றன்று என்றும், அதன் வாயிலாகவே உலகம் நமக்கு வாய்க்கின்றது என்றும் காட்டினார். குளிக்கும்போதும் உடுக்கும்போதும் தன் நெஞ்சையே நினைந்துகொண்டிருக்க நேர்ந்த ஒருத்தி, அதனை மறந்து தன் கருமங்களில் ஈடுபட விரும்புதல் இயல்பே. அவ்விருப்பம் பிறர் கண்ணுக்காகவே எழுந்ததென நாம் தீர்ப்பிடுவோமாயின், அவளது மனத்தை அவளினும் நன்கறிந்தோர் நாமே என உரிமை கொண்டாடுகின்றோம். மீளமைத்துக்கொள் எனப் பணிப்பதும், மீளமைத்தால் நீ அடிமை எனப் பழிப்பதும் ஓர் ஆதிக்கத்தின் இரு முகங்களே.

அங்ஙனமாயின், அவளது விருப்பமே முடிவெனக் கூறி நாம் அமைந்துவிடலாமா? அதற்கும் இரண்டு நிபந்தனைகள் உள. முதலாவது, விருப்பம் உண்மையறிவின்மேல் எழுதல் வேண்டும். மீளமைத்த மார்பு வடிவத்தைத் தருகின்றது. தொடுவுணர்ச்சி பெரும்பாலும் முன்போல் மீள்வதில்லை; பாலூட்டும் ஆற்றலோ மீள்வதேயில்லை. பல வேளைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகள் தேவைப்படும். உள்ளே பொருத்தப்படும் பைகள் ஆயுள் முழுதும் நிலைப்பனவுமல்ல. 2019இல், சொரசொரப்பான மேற்பரப்புடைய ஒருவகைப் பைகள் அரிதான நிணநீர்ப் புற்றுநோயொன்றுடன் தொடர்புடையன எனக் கண்டு சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டன. இவற்றைக் கூறாது பெறும் சம்மதம் சம்மதமாகாது.

இரண்டாவது நிபந்தனை, மறுப்பதற்கும் இடமிருத்தல். தட்டையான நெஞ்சே போதும் எனக் கேட்ட பெண்கள் சிலர், பின்னர் மனம் மாறக்கூடும் என்றெண்ணி வைத்தியர் மிகைத்தோலை விட்டுவைத்திருந்ததைச் சிகிச்சையின் பின்னரே அறிந்ததாகக் கூறியுள்ளனர். நெஞ்சைத் தட்டையாக ஒழுங்குறச் சீர்செய்து முடிப்பதைக் குறிக்கும் பெயர், அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவகத்தின் அகராதியில் 2020இலேயே இடம்பெற்றது. 'ஆம்' என்ற விடைக்கு 1998இல் சட்டம் கிடைத்தது. 'வேண்டாம்' என்ற விடைக்கு அகராதியில் ஒரு பெயர் கிடைப்பதற்கே மேலும் 22 ஆண்டுகள் சென்றன.

ஒரு வாயில் மட்டுமே திறந்துள்ள மண்டபத்திலிருந்து வெளியேறுபவர், தாம் விரும்பிய வழியே சென்றார் எனக் கூறவியலாது. சட்டமும் சத்திரசிகிச்சையும் ஒரு வாயிலைத் திறந்தன; அது பெரும்பேறே. மற்றைய வாயிலைத் திறக்கும் பொறுப்பு வைத்தியரை மட்டும் சார்ந்ததன்று. பார்வையாளராகிய நம்மையும் சார்ந்தது. அவள் எதனைத் தெரிந்துகொண்டாள் என்பது நமது ஆராய்ச்சிக்குரியதன்று. எதனைத் தெரிந்துகொள்ளினும் அவள் நம்மிடையே கூச்சமின்றி நடமாட இடமுண்டா என்பதே நாம் நம்மை நோக்கி எழுப்ப வேண்டிய வினாவாகும்.