சேஸ் நம்பரும் நாகசேனரும்

புதிதாக வாங்கிய பழைய டாடா 207-க்கு கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, கமான் பட்டை எல்லாம் மாற்றியாகிவிட்டது. துருவேறிய தொட்டியின் அடித்தகட்டை வெட்டியெடுத்து வேறு தகடு வைத்து வெல்டிங் அடித்தோம். இன்ஜினையும் மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக் அண்ணன். அப்புறம் இது நான் வாங்கிய வண்டிதானா?

கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் கிரேக்க அரசன் மிலிந்தனிடம் நாகசேனர் தேரை வைத்து இதைப் போன்ற ஒன்றைக் கேட்டதாக 'மிலிந்த பன்ஹா' சொல்கிறது. சக்கரமா தேர்? அச்சா? நுகமா? எதுவுமில்லை, இவை கூடியிருக்கும்போது நாம் வைக்கும் பெயர் அது. மனிதனும் அப்படியே என்றார் அந்தப் பௌத்தத் துறவி.

ஆர்.டி.ஓ. கணக்கு வேறு. இன்ஜின் மாறினால் ஆர்.சி.யில் திருத்திக்கொள்ளலாம், சேஸில் பொறித்த எண் அப்படியே இருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்காக அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். கிரீஸைத் துடைத்த இரும்பிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தாளில் எழும்பின. உடல் மாறினாலும் உயிர் மாறாது என்று கேட்டு வளர்ந்த சைவக் குடும்பம் எங்களுடையது. இதுதான் வண்டியின் உயிர் என்று சொல்ல மனம் துடித்தது.

ஆனால் எண் சுமை இழுக்காது. மேட்டில் ஏறுவதும் பிரேக் போட்டால் நிற்பதும் பாகங்கள் கூடிச் செய்யும் வேலை. வண்டியைப் பொறுத்தவரை நாகசேனர் சொன்னதே சரி. மனிதர் விஷயத்தில் நான் அவர் பக்கம் இல்லை. தேருக்கு வலிக்காது, மனிதனுக்கு வலிக்கும். அந்த உவமையில் வலிக்கு இடமில்லை.