துயரத்திற்கு மதிப்பெண் உண்டா?

மனநலச் சிகிச்சைக்கு வருபவரிடம் ஒரு வினாத்தாளைக் கொடுப்பது இன்று பல மருத்துவமனைகளில் வழக்கமாக உள்ளது. பிஹெச்க்யூ-9 என்பது அவற்றுள் ஒன்று. கடந்த 2 வாரங்களில் சோர்வு, தூக்கமின்மை, ஆர்வமின்மை போன்றவை எவ்வளவு வருத்தின என்று 9 கேள்விகள் கேட்டு, ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுகிறார்கள். இறந்துபோவதே மேல் என்ற எண்ணம் எழுந்ததா என்பது ஒன்பதாவது கேள்வியில் அடங்கும்.

கூட்டுத்தொகை குறைவாக இருந்தால், 'இவருக்கு ஆபத்தில்லை' என்று அனுப்பிவிடலாமா?

அமெரிக்க மனநல மருத்துவர் அலெக்ஸ் போகார்னி 1983-இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைக்கத் தக்கது. முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் சேர்ந்த 4,800 பேரைப் பல அளவுகோல்களால் மதிப்பிட்டு, பின்னர் என்ன நேர்ந்தது என்று கவனித்தார்கள். 67 பேர் தற்கொலையால் இறந்தனர். மிகுந்த ஆபத்தில் இருப்பதாக முன்பே கணிக்கப்பட்ட 803 பேருள் 30 பேரே அவர்களில் அடங்குவர். மற்ற 37 பேரும் ஆபத்து குறைந்தவர்களாகக் கருதப்பட்டவர்கள்!

இதில் வியப்பில்லை. துயரம் அலையைப் போன்றது. காலையில் அடங்கியிருப்பது மாலையில் பொங்கலாம். வெட்கத்தினாலோ அச்சத்தினாலோ உண்மையை மறைப்பவரும் உண்டு. ஆகவேதான் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, தற்கொலையை முன்கணிக்கவோ யாருக்குச் சிகிச்சை அளிப்பது என்று தீர்மானிக்கவோ இத்தகைய அளவுகோல்களைப் பயன்படுத்தலாகாது என 2022-இல் வழிகாட்டியது.

அப்படியானால் வினாத்தாள் வீணா? இல்லை. வாய்விட்டுச் சொல்ல இயலாததை ஒரு கோடிட்டுக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுகிறது என்ற அச்சமும் தவறானது. பரிவோடு கேட்கப்படும்போது பலர் ஆறுதலே அடைகிறார்கள். ஆனால் அத்தாள் பேச்சின் தொடக்கமே. கோடிட்டவரின் அருகில் அமர்ந்து, "எப்போதிலிருந்து இப்படித் தோன்றுகிறது?" என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும். குறைந்த மதிப்பெண் பெற்றவருக்கும் அந்தச் செவி தேவை. மதிப்பெண்ணைக் காட்டி நம் பொறுப்பைக் கழித்துக்கொள்வது அறமாகாது.

இக்கடமை மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. நம் இல்லத்தில் ஒருவர் வாடியிருந்தால் நாமும் கேட்கலாம், பொறுமையாகச் செவிமடுக்கலாம், தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். மத்திய அரசின் டெலி மனாஸ் உதவி எண் 14416, இரவும் பகலும் இயங்குகிறது.

துயரை அளப்பது எளிது. அதைக் கேட்டு உடனிருப்பதே தொண்டு.