மூன்றாவது போர்வை

அத்தை இறந்த செய்தி வந்தபோது நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். கதைக்காகச் சேர்த்துக்கொண்டதுபோல் இருக்கிறது, தெரியும். ஆனால் அந்த ஒன்பது நாட்களில் நான் வேறெதுவும் பெரிதாகச் செய்யவில்லை. செய்தி எந்த நேரத்தில் வந்திருந்தாலும் கையில் ஊசி இருந்திருக்கும்.

2020 ஜூன் கடைசி வாரம். பிப்ரவரியில் வேலை விஷயமாகத் தைவான் போனவன் அங்கேயே மாட்டிக்கொண்டு ஒருவழியாகத் திரும்பியிருந்தேன். விமான நிலையத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்தார்கள். நோய் இல்லை. மணிக்கட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்றை மாட்டி, பதினான்கு நாள் வீட்டைவிட்டு வெளியேறக்கூடாது என்ற உத்தரவுத் தாளையும் கொடுத்து அனுப்பினார்கள். ஜூன் 10க்கும் ஜூலை 24க்கும் இடைப்பட்ட ஆறு வாரங்களில் வந்திறங்கியவர்களுக்குத்தான் இந்த வீட்டுச் சலுகை. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களிலும் அதற்குப் பிறகும் வந்தவர்களை அரசு ஏற்பாடு செய்த இடங்களில்தான் அடைத்தார்கள்.

செபராங் ஜெயாவில் எங்கள் வீட்டு மாடி அறை எனக்கு. அம்மா படிக்கட்டில் தட்டை வைத்துவிட்டு, "எடுத்துக்கய்யா" என்று குரல் கொடுத்து இறங்கிவிடுவார். அந்த அறையின் அலமாரிக்கு மேல் அத்தையின் துணி மூட்டை கிடந்தது. அத்தை தையல்காரர். சேலை ரவிக்கை, பாஜு கூரோங், பள்ளிச் சீருடை எல்லாம் தைப்பார். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போன காலத்தில் என்னை வளர்த்தது அவருடைய தையல் இயந்திரத்தின் சத்தம்தான். முட்டி தேய்ந்து மகள் வீட்டுக்கு, புக்கிட் மெர்தாஜாமுக்குப் போனபோது இயந்திரத்தை விற்றுவிட்டார். வெட்டி மிஞ்சிய துண்டுகளை மட்டும் எங்கள் வீட்டில் விட்டுப் போனார். "தூக்கிப் போட்றாதீங்க, ஒட்டுப் போர்வைக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு. அப்படிப் பத்தாண்டுகளாக யாரும் தூக்கிப் போடவில்லை. யாரும் தைக்கவும் இல்லை.

இரண்டாம் நாள் மூட்டையை அவிழ்த்தேன். வேறு வேலை இல்லை என்பதே காரணம். காணொலி அழைப்பில் அத்தையிடம் கேட்டபோது சிரித்தார். "எஞ்சினியரு ஊசி புடிக்கிறாரா?" பிறகு மூச்சு வாங்க வாங்கச் சொல்லிக் கொடுத்தார். ஐந்து அங்குலச் சதுரம். தையலுக்குக் கால் அங்குலம் விடணும். சதுரங்களை வரிசையாக இணைத்து மேல்துணி; நடுவில் பழைய காட்டன் சேலையை இரண்டாக மடித்துப் போடு; அடியில் படுக்கை விரிப்பு. மூன்றும் நகராமல் பெரிய பெரிய தையலாக முதலில் ஓட்டிப் பிடி, அப்புறம் சின்னத் தையல், கடைசியில் பெரிய தையலைப் பிரித்து எடு. "பின்பக்கத்தையும் திருப்பிப் பாரு. மேல அழகா இருக்கும், அடியில ஊசி புடிச்சிருக்காது."

அதுதான் கையால் தைப்பதின் தொல்லை. மூன்று அடுக்கையும் ஊசி ஊடுருவ வேண்டும். மேலிருந்து பார்த்தால் அது தெரியாது. அடியில் வைத்த விரல் நுனியில் ஊசி குத்தினால்தான் உண்டு. தேர்ந்த கைகள் அங்குலத்துக்குப் பத்துத் தையல் போடும். என்னுடையது நாலு. ஐந்தாவது நாள்வரை வலது ஆள்காட்டி விரல் எனக்குச் சொந்தமில்லாததுபோல் வலித்தது.

ஒன்பதாம் நாள் காலை அக்கா (அத்தை மகளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்) அழைத்தார். மாரடைப்பு. அடுத்த நாள் மதியம் எடுப்பதாக முடிவு. குடும்பக் குழுவில் பேச்சு தொடங்கியது. புக்கிட் மெர்தாஜாம் காரில் கால் மணி நேரம். மாமா சொன்னார்: "நெகட்டிவ்தானே வந்துச்சு? நீளக்கை சட்டை போட்டுக்கோ, பட்டை தெரியாது. தூரமா நின்னு பாத்துட்டுப் போயிடு. யாருக்குத் தெரியப் போவுது?" அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று மதியச் சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுக்காமல் இறங்கினார். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

நான் போகவில்லை. கோடித்துணி போடும்போது அக்கா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார். என் பங்குக்கு மாமா ஒன்று போட்டார்.

அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம் தொழிற்சாலையிலிருந்து வந்தது. சில்லுகளைத் தொடும் முன் நாங்கள் மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டி, அதன் கம்பியைத் தரையிணைப்பில் செருக வேண்டும். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சில்லுக்குள் பாய்ந்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. மனிதன் அந்த அதிர்ச்சியை உணர ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். சில சில்லுகள் நூறு வோல்ட்டுக்குக் கீழேயே கெட்டுவிடும். அதாவது நீங்கள் கெடுப்பது உங்களுக்கே தெரியாது. இன்னும் மோசம், சில சில்லுகள் பாதி மட்டும் கெட்டு, எல்லாச் சோதனையிலும் தேறி, பல மாதம் கழித்து எங்கோ ஒருவருடைய கருவியில் செத்துப்போகும். அன்று பட்டை மாட்டாதவன் யார் என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் அது விதி. 'என் கையில் நிலைமின்சாரம் இருக்க வாய்ப்புக் குறைவு' என்று ஒவ்வொருவரும் கணக்குப் போட ஆரம்பித்தால், ஒவ்வொருவர் கணக்கும் சரியாகவே இருக்கும். சில்லுகள் மட்டும் செத்துக்கொண்டிருக்கும்.

சில வாரங்களில் இதற்கு ஓர் உதாரணமே கிடைத்தது. சிவகங்கையிலிருந்து திரும்பிய ஓர் உணவகக்காரர், வந்திறங்கியபோது நோய் இல்லை என்று தெரிந்த பிறகு, வீட்டுக் கண்காணிப்பை மீறிக் கெடா நாப்போவில் இருந்த தன் கடைக்குப் போனார். நாற்பதுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. அந்தத் தொற்றுத் திரளுக்குச் சிவகங்கை என்றே பெயர் வைத்தார்கள். நம் ஆட்கள் பலருக்கு அது வேறு வகையில் உறைத்தது. ஆகஸ்ட் 13 அன்று அவருக்கு ஐந்து மாதச் சிறை, 12,000 ரிங்கிட் அபராதம். மாமாவுக்கு அந்தச் செய்தியை அனுப்பலாமா என்று விரல் துடித்தது. அனுப்பவில்லை. நல்லவேளை.

ஏனென்றால் அடுத்த வாரமே இன்னொரு செய்தி. ஓர் அமைச்சர் ஜூலை முதல் வாரத்தில் துருக்கி போய் வந்திருக்கிறார். அத்தை இறந்த அதே நாட்கள். திரும்பியவர் பதினான்கு நாள் அடங்கி இருக்கவில்லை, நாடாளுமன்றத்துக்கும் போயிருக்கிறார். அவருக்கு அபராதம் 1,000 ரிங்கிட். வருத்தம் தெரிவித்தார், சம்பளத்தை நிதிக்குக் கொடுத்தார், எல்லாம் சரி. அக்டோபரில் அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் வழக்கு இல்லை என்றது. காரணம்: அவருக்குக் கண்காணிப்பு உத்தரவே கொடுக்கப்படவில்லை, எனவே மீறலும் இல்லை. இதே கெடாவில் 72 வயது மூதாட்டி ஒருவருக்கு ஒருநாள் சிறையும் 8,000 ரிங்கிட் அபராதமும் விதிக்கப்பட்டிருந்தன. அவருக்கு உத்தரவுத் தாள் ஒழுங்காகக் கொடுத்திருந்தார்கள் போல.

இப்போது மாமா எனக்கு அனுப்பினார். செய்தியின் இணைப்பும் ஒரே வரியும்: "நீ மட்டும்தான்டா நல்லவன்."

வேலைக்குப் பாலத்தில் போகும்போது தெற்கே ஜெரஜாக் தீவு தெரியும். கப்பலில் கூலிகளாக வந்த நம் முன்னோர் பலரைக் கரையேற்றும் முன் அடைத்து வைத்த தடுப்பு முகாம் அங்கேதான் இருந்தது. தொழுநோயாளிகளையும் அங்கேதான் வைத்தார்கள். 1969இலிருந்து 1993 வரை அது சிறை. தனிமைப்படுத்தல் என்பது எல்லாருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டையாக எப்போதும் இருந்ததில்லை. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மாமாவின் வரி வலித்தது. அந்த வலிக்குக் காரணம் அமைச்சர் இல்லை. அது வேறு கணக்கு. அதை வாக்குப் பெட்டியிலும் நீதிமன்றத்திலும்தான் தீர்க்க வேண்டும். அவர் மீறினார் என்பதால் என் ஒன்பதாம் நாளில் வைரஸின் குணம் மாறியிருக்காது. வலித்தது 'நல்லவன்' என்ற சொல்.

உண்மையைச் சொல்வதானால், மாமா கூப்பிட்டபோது எனக்குள் எழுந்த முதல் உணர்ச்சி கடமை இல்லை, நிம்மதி. எனக்குப் பிணம் பார்க்கப் பயம். அப்பாவின் சாவிலேயே நான் வாசலைத் தாண்டி உள்ளே போகாமல் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவன். அத்தையை அப்படிப் பார்க்காமலிருக்க அரசாங்கமே ஒரு தாள் கொடுத்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் சில்லு, நிலைமின்சாரம் எல்லாம் நினைவுக்கு வந்தன. அபராதப் பயமும் இருந்தது. இப்படி மூன்று அடுக்கு. அப்படியென்றால் நான் செய்தது சரியான காரியமா, அல்லது சரியான காரியத்தின் மேல்துணியைப் போர்த்திக்கொண்ட கோழைத்தனமா? இந்தக் கேள்வியை ஓராண்டுக்கு மேல் சுமந்தேன்.

பிறகு சாங்கிப் போர்வைகளைப் பற்றிப் படித்தேன். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும், ஐரோப்பியக் குடிமக்களை ஜப்பானியர்கள் சாங்கிச் சிறையில் அடைத்தார்கள். ஆண்கள் தனி, பெண்களும் குழந்தைகளும் தனி. கணவன் உயிரோடிருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது. எதெல் முல்வானி என்ற கனடியப் பெண் ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு ஆறு அங்குல வெள்ளைத் துணி. அதில் தன்னைப் பற்றி ஏதாவது பூத்தையல் போட்டுப் பெயரையும் தைக்க வேண்டும். போர்வைகளை மருத்துவமனையில் கிடக்கும் காயம்பட்ட ஆண்களுக்குக் கொடுப்பது. அதில் பெயரைப் பார்த்தால், 'இவள் இருக்கிறாள்' என்று யாராவது யாரிடமாவது சொல்வார்கள். போர்வைக்கு அறுபத்தாறு சதுரம். ஒன்று பிரிட்டிஷ்காரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலியர்களுக்கு. காவலர்கள் அனுமதிக்க வேண்டுமே, அதற்காக மூன்றாவதாக ஒன்று, காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கு.

(சிறை முகாமையும் அம்மா சமையல் வரும் மாடி அறையையும் நான் ஒப்பிடவில்லை. அந்த அளவு புத்தி இருக்கிறது.)

முதல் போர்வை இன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. மற்ற இரண்டும் கான்பெராவில், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில். மூன்றாவதைத்தான் படத்தில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அது லஞ்சமா? ஆமாம். அதைச் சாக்காக வைத்து மற்ற இரண்டையும் வெளியே அனுப்பினார்கள். ஆனால் அதைக் கடனே என்று தைத்தமாதிரி தெரியவில்லை. பூக்கள் அதே கவனத்தோடு இருக்கின்றன. பின்பக்கத்தில், ஜப்பானிய ஆண்டுக் கணக்கான 2602ஐக் குறிப்பிட்டு, காயம்பட்ட வீரர்களின் வேதனைக்குத் தங்கள் அனுதாபத்தைத் தைத்து வைத்திருக்கிறார்கள். இதை உலர்சலவைக்குப் போடுவது நல்லது என்ற குறிப்பும் உண்டு. எதிரிக்குக் கொடுக்கும் லஞ்சத்தின் பின்பக்கத்தில் சலவைக் குறிப்பு எழுதியவளின் மனதில் என்ன இருந்திருக்கும்? தந்திரமும் இருந்திருக்கும், வெறுப்பும் இருந்திருக்கும், இந்தப் போர்வை யாரோ ஒரு காயம்பட்ட பையன் மேல் கிடக்கப் போகிறது என்ற நினைப்பும் இருந்திருக்கும். மூன்றையும் பிரித்தெடுத்துவிட்டு எது 'உண்மையான' காரணம் என்று கேட்டால் போர்வையே பிரிந்துவிடும்.

எண்ணம் சுத்தமாக இருந்தால்தான் செயல் சரி என்று நாம் பழகியிருக்கிறோம். அது நமக்கு வசதி. எண்ணம் கலங்கியிருப்பதைக் காட்டியே செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிடலாம், அடுத்தவன் செய்ததையும் கழித்துக்கட்டலாம். நான் பயத்தோடும் நிம்மதியோடும் வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்பது அதனால் இல்லாமல் ஆகிவிடாது. ஆனால் நிம்மதி அடைந்தேன் என்பதை அக்காவிடம் சொல்லாமல் விட்டால், அங்கேதான் அடியில் ஊசி பிடிக்கவில்லை.

முதல் திதிக்குப் போக முடியவில்லை. 2021 ஜூலையில் நடமாட்டக் கட்டுப்பாடு. 2022இல்தான் போர்வையை எடுத்துக்கொண்டு போனேன். முப்பத்தைந்து சதுரம். சாமி கும்பிட்டு, சாப்பிட்டு, மாமா வெளியே போன பிறகு அக்காவிடம் சொன்னேன். பட்டையால் மட்டும் இல்லை, பயத்தாலும்தான் வரவில்லை என்று. அக்கா வெகுநேரம் பேசவில்லை. போர்வையை மடியில் போட்டு, ஒரு பச்சைச் சதுரத்தைத் தடவி, "இது என் நிச்சயதார்த்த ரவிக்கை" என்றார். பிறகு மூலையைப் பிடித்து, மொத்தத்தையும் திருப்பி, பின்பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்கினார்.

"இந்த வரிசை பூரா பிடிக்கவே இல்லையே, தம்பி."

ஊசி இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளே போய் எடுத்து வந்தார்.