பொலிஸுக்கும் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் இடையில்

என் நண்பர் ஒருவருடைய தமையனின் படம் சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில் காணாமற் போனது. படத்தில் இருந்தவர் 1990 இல் காணாமற் போனவர். வெள்ளைச் சேட்டும் படிய வாரிய தலையுமாக, அடையாள அட்டைக்கென்று ஸ்ரூடியோவில் எடுத்த படம். நண்பர் அதன் முன்னால் ஒரு விளக்கை வைத்து, இங்கே பூக்கடையில் தேடி வாங்கிய கார்த்திகைப்பூ ஒன்றையும் வைத்து, பெயரையும் திகதியையும் எழுதிச் சமூக ஊடகமொன்றில் போட்டிருந்தார். ஒரு மணித்தியாலத்துக்குள் அது நீக்கப்பட்டது. 'எமது விதிகளுக்கு முரணானது' என்று ஒரு வரி வந்தது. எந்த விதி, யார் தீர்மானித்தது என்பதெல்லாம் அதில் இல்லை. புலிகள் இயக்கத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2006 இல் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்திருந்தது. பூவையும் மாதத்தையும் கண்டு இயந்திரம் ஒரு முடிவுக்கு வந்திருக்கும் என்பது எங்கள் ஊகம். தமையன் எந்த இயக்கத்திலும் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் தம்பி விளக்கு வைக்கக் கூடாதா என்பது வேறு கேள்வி.

"எந்த நாடெண்டாலும் அரசாங்கம் அரசாங்கம்தான்" என்றார் நண்பர். படத்தை எடுத்தது அரசாங்கமல்ல, ஒரு தனியார் கொம்பனி என்று நான் சொன்னேன். அவர் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நானும் ஜேர்மனிக்கு வந்த நாளிலிருந்து அதே வசனத்தைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். புத்தகத்தில் படித்து வந்த சந்தேகமல்ல அது. 1983 யூலை தொடக்கத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த 'சற்றடே றிவியூ', 'சுதந்திரன்' ஆகிய பத்திரிகைகள் அவசரகாலச் சட்டத்தின் கீழ் பூட்டி முத்திரையிடப்பட்டன. மூன்று வாரங்களில் கொழும்பு எரிந்தது. எரிக்கச் சொல்லித் தூண்டியவர்களின் வாய்க்கு யாரும் முத்திரையிடவில்லை. தணிக்கை என்ற சொல்லை நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

ஆகவே 2017 யூன் 30 இல் ஜேர்மன் பாராளுமன்றம் சமூக வலைத்தளங்கள் தொடர்பான சட்டத்தை நிறைவேற்றியபோது நான் எதிர்த்த பக்கத்தில் நின்றேன். வெளிப்படையாகவே சட்டவிரோதமான பதிவை, முறைப்பாடு வந்து 24 மணித்தியாலத்துக்குள் நீக்க வேண்டும். மற்றவற்றுக்கு ஏழு நாட்கள். தவறினால் 5 கோடி யூரோ வரை தண்டம். எது சட்டவிரோதம் என்பதை முதலில் தீர்மானிக்கப் போவது நீதிபதியல்ல, கொம்பனியின் ஊழியர். நீக்காமல் விட்டால் தண்டம் உண்டு, பிழையாக நீக்கினால் ஒன்றுமில்லை. இப்படி ஒரு தராசைக் கையில் கொடுத்தால் அது எந்தப் பக்கம் சாயும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்த 2018 சனவரி முதல் வாரத்திலேயே, முஸ்லிம் ஆண்களை இழிவுபடுத்தி எழுதிய ஒரு வலதுசாரி அரசியல்வாதியின் ருவிற்றர் கணக்கு தற்காலிகமாக முடக்கப்பட்டது. அவரைக் கேலி செய்து எழுதிய 'ரைட்டானிக்' என்ற நையாண்டிச் சஞ்சிகையின் கணக்கும் முடக்கப்பட்டது. கேலி செய்தவருக்கும் கேலி செய்யப்பட்டவருக்கும் ஒரே தண்டனை. நான் நண்பர்களிடம் "பார்த்தீர்களா" என்று சொல்லித் திரிந்தேன்.

என்னை மறித்தது என் அக்காவின் மகள். இங்கே பிறந்தவள். 2015 இல் அகதிகள் பெருந்தொகையாக வந்தபோது, ஊர் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் அவர்களுக்காகப் பேசியவள். அதன் பிறகு அவளுடைய படத்தைப் போட்டு, எத்தனை மணி ட்ராமில் அவள் வீட்டுக்குப் போகிறாள் என்பதையும் எழுதி, என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதினார்கள். நான் அதை இங்கே எழுதப் போவதில்லை. அவள் முறையிட்டாள். 'எமது விதிகளுக்கு முரணானதல்ல' என்று பதில் வந்தது. பொலிஸார் குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடம் அவள் ட்ராமில் ஏறவில்லை. அக்காதான் காரில் ஏற்றி இறக்கினா.

நான் கருத்துச் சுதந்திரம் பற்றிப் பேசியதை எல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "மாமா, நீங்கள் பயந்தது பொலிஸுக்கு. நான் பயப்பிடுறது பக்கத்து வீட்டுக்காரனுக்கு."

எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் முழுப் பதில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

காசல் நகருக்கு அருகே லோபெல்டன் என்ற ஊரில் 2015 ஒக்ரோபரில் இதே மாதிரி ஒரு கூட்டம் நடந்தது. வால்ரர் லூப்க என்ற அரச அதிகாரி, அகதிகளை ஏற்பதை ஆதரித்துப் பேசினார். கூச்சலிட்டவர்களைப் பார்த்து, இந்த விழுமியங்கள் பிடிக்காதவர்கள் நாட்டை விட்டுப் போகலாம் என்ற கருத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அந்தத் துண்டு மட்டும் ஒளிப்பதிவாக இணையத்தில் ஏற்றப்பட்டு வருடக்கணக்காகச் சுற்றியது. 2019 யூன் 1 இரவு அவர் தன் வீட்டு முற்றத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் அன்று அந்த மண்டபத்தில் இருந்தவன். அந்த ஒளிப்பதிவில் சட்டவிரோதம் எதுவுமில்லை; ஒரு மனிதர் பேசியதுதான். அதன் கீழே சேர்ந்த கொலை மிரட்டல்கள் வேறு. எங்களைப் போன்றவர்களுக்காகப் பேசியதற்காக ஒரு மனிதர் செத்திருக்கிறார், நான் எழுத்தின் சுதந்திரத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறேன் என்ற கூச்சம் அப்போது வந்தது.

அரசின் மீது சந்தேகம் கொள்வது ஒரு நல்ல குணம் என்று நாங்கள் நினைக்கிறோம். ஆனால் சந்தேகத்துக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைச் சந்தேகப்படுபவரே கொடுப்பதில்லை. அறுபது வயதான ஒரு ஆணாகிய எனக்கு யாரும் ட்ராம் நேரத்தை எழுதுவதில்லை. என் கொள்கைக்கான கட்டணத்தை என் மருமகள் கட்டிக்கொண்டிருந்தாள்.

இதைச் சொன்னவுடன் மற்றக் கரைக்குத் தாவிவிடவும் என்னால் முடியவில்லை. ஹம்பேர்க்கில் 2021 இல் ஒருவர் மாநில உள்துறை அமைச்சரை ருவிற்றரில் ஒரு கொச்சைச் சொல்லால் குறிப்பிட்டதற்காக அதிகாலையில் பொலிஸ் வீட்டுக்குள் போய்த் தேடியது. அந்தத் தேடுதல் சட்டத்துக்குப் புறம்பானது என்று அடுத்த வருடம் நீதிமன்றம் சொன்னது. என் மருமகளுக்காக வராத பொலிஸ் அமைச்சருக்காக வந்தது. அவளுக்கும் அது தெரியும். "அதுக்காகச் சட்டம் வேண்டாமெண்டு சொல்ல ஏலுமோ?" என்றுதான் கேட்டாள்.

ஊரைப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடுகிறது. 2018 மார்ச்சில் கண்டி, திகன பகுதிகளில் முஸ்லிம்களுடைய கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. சிங்களத்தில் பரவிய தூண்டுதல்களைப் பற்றி முன்கூட்டியே முறையிட்டவர்களுக்குப் பேஸ்புக் செவிகொடுக்கவில்லை. அதன் பங்குக்காக 2020 இல் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அரசு செய்தது, வன்முறை தொடங்கிய பின் சில சமூக வலைத்தளங்களை மூடியது. அந்த எரிந்த கடைகளைக் காட்டித்தான் பின்னாளில் கட்டுப்பாட்டுக்கான வாதங்கள் கட்டப்பட்டன. 2024 சனவரி 24 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 108 க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறியது. எது பொய்க் கூற்று என்று தீர்மானிக்க ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு. அவர்களை நியமிப்பவர் சனாதிபதி. வெறுப்புப் பேச்சிலிருந்து மக்களைக் காப்பதற்கென்று ஏற்கெனவே 2007 இல் ஒரு சட்டம் இருந்தது. அதே சட்டத்தைக் கொண்டுதான் 2019 இல் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளரை, பேஸ்புக்கில் போட்ட ஒரு சிறுகதைக்காக, நான்கு மாதங்களுக்கு மேல் சிறையில் வைத்தார்கள். முறையிட்டவர்கள் பிக்குமார். கடை எரித்தவர்களுக்கு எதிராக அந்தச் சட்டம் இவ்வளவு சுறுசுறுப்பைக் காட்டியதில்லை.

ஆக, கொழும்பும் பேர்லினும் ஒன்றா? நண்பர் ஆம் என்பார். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஹம்பேர்க்கில் பொலிஸ் செய்தது பிழை என்று ஒரு நீதிபதி எழுதி வைத்திருக்கிறார். மனித மனம் இங்கே மேலானது என்பதல்ல. கேட்டால் காரணம் சொல்லியாக வேண்டிய ஒரு இடம் இருக்கிறது, அவ்வளவுதான். நான் முப்பது வருடங்களாகக் கேட்ட கேள்வி, அரசு தலையிடலாமா என்பது. கேட்டிருக்க வேண்டியது, தலையிட்டவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது. அரசு இல்லாத இடத்தில் சுதந்திரம் தானாக வந்து உட்காருவதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியாததல்ல. 1994 மே 1 இல் பாரிஸில் சபாலிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டபோது எந்த அரசும் எந்தத் தணிக்கைச் சட்டத்தையும் பயன்படுத்தவில்லை. அதன் பிறகு எத்தனை பேர் பேனையை மூடினார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை.

ஜேர்மன் சட்டத்தின் இடத்தை 2024 இலிருந்து பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் எடுத்துக்கொண்டது. நீக்கினால் காரணம் எழுத வேண்டும், மறுத்து முறையிட வழி வேண்டும் என்று அது சொல்கிறது. நல்லது. ஆனால் அதே வருடம் ஒக்ரோபரில், முறைப்பாடுகளுக்கு முன்னுரிமை பெறும் முதலாவது அமைப்பை இங்குள்ள மேற்பார்வை அலுவலகம் அறிவித்தபோது, சட்டவிரோதப் பதிவுகள், வெறுப்பு, பொய்ச் செய்தி என்பவற்றை விரைவாக நீக்கலாம் என்று எழுதியது. பெரும் எதிர்ப்பு வந்த பின், வெறுப்புக்கும் பொய்ச் செய்திக்கும் முன்னால் 'சட்டவிரோதமான' என்ற சொல் சேர்க்கப்பட்டது. ஒரு அடைமொழிதானே என்று சிலர் சொன்னார்கள். அந்த அடைமொழி விடுபட்ட நாடுகளிலிருந்து வந்தவர்களிடம் அப்படிச் சொல்லக் கூடாது.

நண்பர் இப்போது தமையனின் படத்துக்காக முறையிடுகிறார். டொச்சில் எழுத அவருக்கு வராது. எழுதிக் கொடுப்பது என் மருமகள்தான். போன சனிக்கிழமை எங்கள் குசினி மேசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் மடிக்கணினியைத் திறந்து, "அங்கிள், படத்தில இருக்கிறது ஆர், ஏன் போட்டனீங்கள் எண்டு இந்தப் பெட்டிக்குள்ள எழுத வேணும். கொஞ்ச இடம்தான் இருக்கு" என்றாள்.

அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அண்ணாவைப் பற்றியெண்டால் எங்கேயிருந்து தொடங்கிறது பிள்ளை?" என்று கேட்டார். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. பெட்டி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.