ஆற்றில் விடவேண்டியது கூச்சத்தை

'குப்பை பொறுக்குவது என் வேலையா?' இந்தக் கேள்வியை முதலில் கழுவு, தம்பி! குனிவதற்கென்றே சிலரைப் பிறப்பால் ஒதுக்கிவைத்த சமூகத்தின் அழுக்கு அதில் ஒட்டியிருக்கிறது. ஏரியும் ஆறும் கடலும் நாறுவது உன்னிடம் வலிமை இல்லாததால் அல்ல. நாலு பேர் பார்க்கக் குனியக் கூசுகிறாயே, அதனால்!

மும்பையில் அஃப்ரோஸ் ஷா கூசவில்லை. நீதிமன்றத்தில் வாதாடுகிற இளம் வழக்கறிஞர். 2015 அக்டோபரில், 84 வயதான அண்டை வீட்டுப் பெரியவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வெர்சோவா கடற்கரையில் இறங்கினார். எதிரே மணலே தெரியாத பிளாஸ்டிக் குவியல். இந்தப் பக்கம் இரண்டே பேர்! வாராவாரம் குனிந்தார். பொதுக் கழிப்பறைகளையும் கழுவினார். வேடிக்கை பார்த்தவர்கள் கையுறை மாட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கில் இறங்கினார்கள். 2016-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு விருது கொடுத்தது. விருது கிடக்கட்டும். 2018 மார்ச்சில் அதே மணலில் ஆலிவ் ரிட்லி ஆமைக்குஞ்சுகள் பொரிந்து கடலை நோக்கி ஓடின. அதல்லவா வெற்றி!

உனக்கு மும்பை வேண்டாம். உன் தெரு போதும். தெருவோர மழைநீர் வடிகால் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போவதில்லை. நேரே ஆற்றுக்கோ கடலுக்கோதான் போகிறது. அதில் எதையும் தள்ளாதே. பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டாதே. சிகரெட் துண்டில் இருக்கும் 'பஞ்சு'கூட ஒரு பிளாஸ்டிக்தான். தண்ணீரில் கரைக்கிற பிள்ளையாருக்குக் களிமண்ணே போதும், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்த ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போ. நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கிற தாமிரபரணியில் முங்கி எழுந்து, உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போவார்கள். பாவம் தொலைகிறதோ இல்லையோ, துணி தொலைவதில்லை. பாலியெஸ்டர் மக்காது, பாறை இடுக்கில் சிக்கிக் கிடக்கும். படித்துறையில் நிற்கிற பலருக்கும் அது தப்பென்று தெரியும். 'நமக்கெதுக்கு வம்பு' என்று தலையைத் துவட்டிக்கொண்டு நிற்பார்கள். நீ நிற்காதே! ஒரு சாக்கோடு இறங்கு. உபதேசம் செய்யாதே, குரலை உயர்த்தாதே. சாக்கை விரித்துப் பிடித்து, "அண்ணாச்சி, துணிய இதுல போடுங்க" என்று மட்டும் சொல். சிலர் முறைப்பார்கள். ஒருவராவது கேட்பார்: "நீ யாருடே, முனிசிபாலிட்டி ஆளா?"

நிமிர்ந்து சொல்: "இல்ல அண்ணாச்சி, இந்தத் தண்ணியக் குடிக்கிறவன்."

ஒன்று மறந்துவிடாதே. நிறைந்த சாக்கைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்தால் ராத்திரி நாய் இழுத்து ஆற்றிலேயே போட்டுவிடும். குப்பை வண்டியில் ஏற்றிவிட்டுப் பஸ் ஏறு.