வேளாங்கண்ணிக்குப் போகும் வழியில் வெண்மணி

மாசற்ற குழந்தைகள் திருநாள், டிசம்பர் 28
நற்செய்தி: மத்தேயு 2:13-18



கிறிஸ்துமஸ் முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது. குடிலை இன்னும் யாரும் பிரிக்கவில்லை; வீட்டு வாசல்களில் நட்சத்திரங்கள் தொங்குகின்றன. அதற்குள் திருச்சபை நம்மைப் பெத்லகேமின் தெருவுக்குள் கூட்டிப்போய், வெட்டிக் கொல்லப்பட்ட கைக்குழந்தைகளின் முன்னால் நிறுத்துகிறது. தன் அரியணைக்குப் போட்டியாக ஒரு பாலகன் பிறந்துவிட்டான் என்று பயந்த ஏரோது, இரண்டு வயதும் அதற்கு உட்பட்டதுமான ஆண் குழந்தைகளை எல்லாம் தீர்த்துக்கட்டச் சொன்னான்.

மத்தேயு நினைத்திருந்தால் இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஞானிகள் வந்தார்கள், காணிக்கை கொடுத்தார்கள், திருக்குடும்பம் பத்திரமாக எகிப்து போய்ச் சேர்ந்தது என்று முடித்திருந்தால் கேட்கவும் இதமாக இருந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. மீட்பர் தப்பியதைச் சொன்ன கையோடு, தப்ப முடியாத பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களின் ஓலத்தையும் சொல்கிறார். எரேமியா இறைவாக்கினர் பாடிய இராகேலை நினைவுபடுத்துகிறார். அந்தத் தாய் ஆறுதலை ஏற்க மறுக்கிறாள். நடந்தது நடந்துபோச்சு, விடும்மா என்று நற்செய்தியில் யாரும் அவளிடம் சொல்லவில்லை. இறந்தவர்களை மறக்க மறுப்பதும் விசுவாசந்தான் என்பதற்கு இராகேலே சாட்சி.

புத்தாண்டு முடிந்ததும் நம் பங்கிலிருந்து வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் புறப்படுகிறோம். இந்த முறை வழியில் ஓர் ஊரைச் சேர்த்திருக்கிறோம். அது கீழ்வெண்மணி. அறிவிப்பு வாசித்த அன்றே சிலர் கேட்டார்கள்: "சாமி, மாதாவைப் பார்க்கப் போற வழியில எழவு விழுந்த இடத்துக்கு எதுக்குப் போகணும்?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல இந்தத் திருநாளைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

1968, டிசம்பர் 25. உலகமெங்கும் கிறிஸ்து பிறப்புப் பாடல் ஒலித்த இரவு. அப்போதைய தஞ்சை மாவட்டத்தில், இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ளது கீழ்வெண்மணி. அங்கிருந்த தலித் விவசாயக் கூலிகள் தங்கள் உழைப்புக்கு இன்னும் கொஞ்சம் நெல் கூலி கேட்டார்கள். சங்கம் சேர்ந்தார்கள், செங்கொடி ஏற்றினார்கள். கொடியை இறக்கு, சங்கத்தை விடு என்றார்கள் மிராசுதார்கள். கூலிக்காரர்கள் பணியவில்லை. அன்றிரவு மிராசுதார்களின் ஆட்கள் சேரிக்குள் புகுந்தார்கள். ஓட முடிந்தவர்கள் வயல்களுக்குள் ஓடித் தப்பினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமையா என்பவரின் குடிசைக்குள் புகுந்து ஒளிந்தார்கள். அந்தக் கூரைக்குத் தீ வைத்தார்கள். 44 உயிர்கள் வெந்து போயின.

வழக்கு நடந்தது. நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்தவர்களை சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பெரிய நிலக்கிழார்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. சகோதரர்களே, ஏரோதும் பெத்லகேமுக்கு நடந்து வரவில்லை. அவன் ஆள்தான் அனுப்பினான். ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிட்டபோது அதைக் கேட்ட ஆண்டவர், வெண்மணியின் சாம்பலிலிருந்து வந்த குரலையும் கேட்டார் என்று நான் முழு மனதோடு விசுவசிக்கிறேன்.

இப்படிப்பட்ட இடங்களுக்குக் கூட்டமாகப் போவது நாம் கண்டுபிடித்த பழக்கம் அல்ல. ஐரோப்பா திருப்பயணம் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். உரோமை, லூர்து, பாத்திமா போவதுபோலவே போலந்து நாட்டில் ஆஷ்விட்ஸ் முகாமுக்கும் மக்கள் சாரை சாரையாகப் போகிறார்கள். நாசிகளின் ஆட்சி ஐரோப்பாவில் 60 லட்சம் யூதர்களைக் கொன்றது. ஆஷ்விட்ஸில் மட்டும் ஏறத்தாழ 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 10 லட்சம் பேர் யூதர்கள். வழிகாட்டி முன்னே போக, பார்க்க வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பின்னே போகிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் கொல்லப்பட்டவர்களின் பெட்டிகள் குவிந்து கிடக்கின்றன. பல பெட்டிகளில் பெயரும் ஊரும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கின்றன. பெட்டி திரும்பக் கைக்கு வரும் என்று நம்பி, தொலைந்துவிடாமல் இருக்க அவர்களே எழுதிய பெயர்கள். பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது நீங்களும் நானும் செய்கிற அதே காரியம். 11 லட்சம் என்ற கணக்கு மனத்தில் நிற்காமல் போகலாம். அந்தக் கையெழுத்து நிற்கும்.

நம் திருச்சபையின் புனிதர்கள் இருவர் அங்கே உயிர்விட்டார்கள். 1941-இல் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தபோது, அவர்களில் ஒருவர் தன் மனைவி மக்களை நினைத்துக் கதறினார். அவருக்குப் பதில் நான் போகிறேன் என்று வரிசையை விட்டு வெளியே வந்தார் மாக்சிமிலியன் கோல்பே என்ற குருவானவர். ஆகஸ்டு 14 அன்று அவரைக் கொன்றார்கள். அவர் காப்பாற்றிய மனிதர் 1995 வரை உயிரோடு இருந்தார். 1982-இல் கோல்பேக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது அவரும் அங்கே இருந்தார். இன்னொருவர் எடித் ஸ்டெயின், யூதக் குடும்பத்தில் பிறந்து கார்மேல் துறவியானவர். யூதப் பிறப்பு என்பதற்காகவே 1942-இல் அவரைக் கொன்றார்கள்.

புனிதர்களை மட்டும் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடக் கூடாது. கொன்றவர்களில் ஞானஸ்நானம் பெற்றவர்களும் இருந்தார்கள். யூதர்கள்தான் ஆண்டவரைக் கொன்றார்கள் என்று நூற்றாண்டுக் கணக்கில் நம்மவர்கள் சொல்லி வளர்த்த வெறுப்பு, அந்த முகாமுக்கு வழி போட்டுக் கொடுத்தவற்றுள் ஒன்று. அந்தப் பழி தவறு என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகச் சொன்னது. 2016-இல் ஆஷ்விட்ஸ் போன திருத்தந்தை பிரான்சிஸ் அங்கே உரை எதுவும் ஆற்றவில்லை. மௌனமாக நடந்தார், இவ்வளவு கொடுமைக்கும் மன்னிப்புக் கேட்டு வருகையாளர் ஏட்டில் ஒரு மன்றாட்டு எழுதிவிட்டு வந்தார்.

ஆஷ்விட்ஸையும் வெண்மணியையும் தராசில் வைத்து எது கனம் என்று பார்ப்பது நம் வேலை அல்ல. ஓர் அரசாங்கமே திட்டம் போட்டு ஓர் இனத்தைப் பூண்டோடு அழிக்கப் பார்த்தது அங்கே. நிலமும் சாதியும் கைகோத்து ஒரு சேரியை எரித்தது இங்கே. ஆனால் இரண்டு இடத்திலும் நாம் நம்மையே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அன்றைக்கு நான் அங்கே இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பேன்? பக்கத்துத் தெருவில் கதவைச் சாத்திக்கொண்டு, நமக்கேன் வம்பு என்று இருந்திருப்பேனா? வெண்மணி நமக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. சாதி கோயில் வாசற்படியில் செருப்போடு கழன்றுவிடும் என்றா நினைக்கிறீர்கள்? தமிழ்நாட்டில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலேயே செத்தவர்களைச் சாதி பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். அந்த மனத்தோடு வெண்மணியில் மெழுகுவர்த்தி ஏற்றினால் ஆண்டவர் அதை ஏற்பாரா?

வெண்மணிக்குப் போய் அழுததோடு நிற்காதவர்களும் இருந்தார்கள். சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அந்தப் படுகொலைக்குப் பிறகு கீழத்தஞ்சைப் பகுதிக்கே வந்து தங்கினார்கள். நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதையே வாழ்நாள் ஊழியமாக எடுத்துக்கொண்டார்கள். 1981-இல் அதற்கென்றே லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான பெண்களின் பெயரில் பட்டா வந்தது. காந்திய வழியில் நடந்த அந்த இருவரும் நமக்குக் காட்டியது இதுதான்: துக்க வீட்டுக்குப் போகிறவன் ஒரு பொறுப்பைச் சுமந்துகொண்டுதான் திரும்ப வேண்டும்.

நமக்கு என்ன பொறுப்பு? அதைத் தேடி நாகப்பட்டினம் வரைக்கும் போக வேண்டாம், நம் ஊரைப் பார்ப்போம்.

2012, செப்டம்பர் 5. முதலிப்பட்டி. அங்கே பட்டாசு ஆலை தீப்பிடித்து வெடித்ததில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். தீயைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்களும் அதில் அடக்கம். 2021, பிப்ரவரி 12. சாத்தூர் பக்கம் அச்சங்குளம். அங்கும் பட்டாசு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இவை விபத்துகள், யாரும் கொல்ல நினைத்துச் செய்தவை அல்ல. படுகொலையோடு இவற்றைச் சேர்த்துப் பேசுவது தவறு. ஆனால் விபத்து என்ற ஒரு சொல்லைப் போட்டு மூடிவிடவும் முடியாது. மருந்து உராய்ந்து வெடித்தது என்று மறுநாள் பத்திரிகையில் வரும். உராய்வுக்கு முன்னால் நடந்தது என்ன என்று பயர் ஆபீஸுக்குப் போகிற உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும், வேலை உள்குத்தகையில் இன்னொருவர் நடத்துவார். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் கூடுதல் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். இடம் போதாமல் மரத்தடியில் வேலை நடக்கும். தீபாவளி ஆர்டர் நெருங்கினால் எல்லாவற்றுக்கும் அவசரம். அலுமினியப் பவுடர் படிந்து வெள்ளியாய் மினுங்கும் கையோடு நீங்கள் மாலையில் ஜெபமாலைக்கு வருகிறீர்கள். அந்தக் கை ஆண்டவர் படைத்த கை. எந்த ஆர்டரும் அதைவிடப் பெரிதல்ல.

ஒன்றும் மாறாது சாமி என்று சொல்லாதீர்கள். இந்தக் கரிசல் காட்டில் ஒரு காலத்தில் விடிவதற்கு முன்பே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி கிராமம் கிராமமாக வந்து, தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. அது ஊருக்குப் பழகிப்போயிருந்தது. சிலருக்கு மட்டும் பழகவில்லை. அவர்கள் எழுதினார்கள், வழக்குப் போட்டார்கள். சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறிப் பிள்ளைகளை வேலைக்கு வைத்த முதலாளி, பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. இன்று அதே கிராமங்களில் காலையில் வருவது பள்ளி வண்டி. மாசற்ற குழந்தைகளின் திருநாளில் இதற்காக நாம் நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஆலை நடத்துகிறவர்களே, போர்மேன்களே, அறைக்கு நாலு பேர் என்றால் நாலு பேர்தான். மீறச் சொல்லி யார் நெருக்கினாலும், விசுவாசம் அங்கேதான் சோதிக்கப்படுகிறது. உள்குத்தகைக்கு விடுகிறவர்களே, சாகிறவன் உங்கள் ஆள் இல்லை என்று ஆண்டவர் முன்னால் சொல்ல முடியாது. தாய்மார்களே, தகப்பன்மார்களே, பாதுகாப்பில்லாத அறைக்குள் உட்கார மாட்டேன் என்று சொல்வதை வாயாடித்தனம் என்று நினைக்காதீர்கள். ஒருவர் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் அவரோடு நில்லுங்கள்.

இன்னொன்று. நம் வட்டாரத்தில் பட்டாசு, தீப்பெட்டி விபத்துகளில் இறந்தவர்களின் பெயர்களை ஓர் ஏட்டில் எழுதப் போகிறோம். அவர்கள் இந்துவா, முஸ்லிமா, கிறிஸ்தவரா, என்ன சாதி என்று பார்க்க வேண்டாம். ஒவ்வோர் அன்பியமும் தன் தெருவில் வீடு வீடாகப் போய், குடும்பத்தார் சம்மதத்தோடு பெயரையும் வயதையும் கேட்டு எழுதி வாருங்கள். கல்லறைத் திருநாளில் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பீடத்திலிருந்து வாசிப்போம். எத்தனை பேர், எத்தனை லட்சம் நிவாரணம் என்ற கணக்கோடு உலகம் நிறுத்திக்கொள்ளட்டும். நாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். அழிக்க முடியாத பெயரைத் தருவேன் என்று எசாயா வழியாக வாக்களித்த கடவுளின் பிள்ளைகள் நாம்.

பேருந்து புறப்படுவதற்கு முன்பே இந்த ஏட்டின் முதல் பக்கம் நிரம்பட்டும். வெண்மணியில் அந்த 44 பேருக்காக மன்றாடும்போது முதலிப்பட்டியையும் அச்சங்குளத்தையும் சேர்த்து மன்றாடுவோம். அதன்பின் வேளாங்கண்ணியில் ஆரோக்கிய அன்னையின் முன்னால் நிற்போம். தன் மகனின் சாவை நின்று பார்த்த அந்தத் தாய்க்கு நம் மன்றாட்டு விளங்கும். எந்தப் பிள்ளையின் உயிரும் மலிவாகிவிடாத ஊராக நம் ஊரை ஆக்கும் துணிவை இந்தத் திருப்பலியில் ஆண்டவரிடம் கேட்போம். ஆமென்.